ஐந்தாம் மாடிக் கடைசி அறை

அந்த இரண்டு ஹோட்டல்களின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அதையும் விளம்பரமாக்கிக்கொள்ளும் ஆட்கள் அவர்கள். பத்து ஃபெரிங்கி என்ற ஊரின் கடற்கரையோரம் அடுத்தடுத்து நிற்கின்றன என்று மட்டும் சொல்கிறேன். நடுவில் ஒரு கம்பிவேலி, அதன்மேல் படர்ந்த காகிதப்பூ. வேலிக்கு இந்தப் பக்கம் நான் ரிசப்ஷனில் வேலை பார்த்தேன். அந்தப் பக்கம் என் அக்கா அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவில் இருந்தாள்.

நாங்கள் தாசேக் கெலுகோரிலிருந்து வந்தவர்கள். ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இரண்டு பேருமாகக் குடியிருக்கிறோம். அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. எனக்கு ஆகி, முடிந்தும்விட்டது. வீட்டில் கோபக்காரி அவள்தான். தொலைக்காட்சியில் மல்யுத்தம் பார்த்தால் தோற்கிறவனைத் திட்டுவாள். பஸ் தாமதமானால் டிரைவரைத் திட்டுவாள். மீன் கழுவத் தெரியவில்லை என்று என்னைத் திட்டுவாள். நான் வாய் திறக்காதவள். எத்தனையோ வருடங்களாக முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு, அறையில் குளிர் போதவில்லை, குளிர் அதிகம் என்று வருகிறவர்களின் ஏச்சையெல்லாம் வாங்கிப் பழகியவள். நடந்த விஷயத்தில் எங்கள் இரண்டு பேரின் குணங்களும் இடம் மாறிக்கொண்டன.

முதலில் நீச்சல் குளத்தில் சறுக்கு வைத்தது எங்கள் ஹோட்டல்தான். ஆக்டோபஸ் மாதிரி ஒன்று, எட்டுக் கைகளில் இரண்டில்தான் பிள்ளைகள் சறுக்க முடியும். அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஹோட்டல் மூன்று மாடி உயரத்தில் சறுக்கு கட்டியது. நாங்கள் ஒரு பெரிய வாளியைத் தொங்கவிட்டோம், மணி அடித்ததும் தண்ணீரைக் கொட்டும். அவர்கள் செயற்கை அலை கொண்டுவந்தார்கள், நிஜமான கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது. அப்புறம் இரண்டு பேருமே அதை நீர்ப்பூங்கா என்று அழைக்கத் தொடங்கினார்கள். அறை எடுத்தால் பூங்கா இலவசம் என்று அவர்கள் போட்டால், பூங்காவுக்கு வந்தால் அறை வாடகையில் கழிவு என்று நாங்கள் போட்டோம்.

இதில் எனக்குக் கவலையில்லை. வியாபாரம் என்றால் போட்டி இருக்கும். ஆனால் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பைத்தியமாகியது. எங்கள் அறை ஜன்னல்களிலிருந்து அவர்களுடைய சறுக்கு தெரிகிறது என்று எங்கள் நிர்வாகம் உயரமாக வளர்ந்த பனைகளை வாங்கி வந்து வேலியோரம் நட்டது. அவர்கள் உடனே சறுக்கின் உச்சியில் ஒரு டிராகன் தலையை ஏற்றினார்கள், பனைக்கு மேலே தெரிகிற உயரத்தில். எங்கள் ஆட்கள் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டினார்கள். கடைசியில் ஊழியர்களுக்கு ஓர் உத்தரவு வந்தது, சீருடையில் இருக்கும்போது பக்கத்து ஹோட்டல்காரர்களோடு பேசக்கூடாது என்று. நானும் அக்காவும் ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே நிறுத்தத்தில் இறங்கி, முன்னும் பின்னுமாக நடந்தோம். அவள் எனக்கு முன்னால் போவாள். அவளுடைய கொண்டையைப் பார்த்துக்கொண்டே பின்னால் போவேன். அப்போது அது எங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

ஒரு பள்ளி விடுமுறைக்கு முன்னால் எங்கள் முன்பதிவுகள் சரிந்தன. அவர்கள் டிராகனுக்குள்ளேயே சறுக்கிவருகிற மாதிரி ஏதோ புதிதாகத் திறந்திருந்தார்கள். எங்கள் விற்பனைப் பிரிவு மேனேஜர் கோலாலம்பூரிலிருந்து வந்தவர். நல்ல சட்டை போடுவார், யாரிடமும் கத்திப் பேசமாட்டார். எங்களையெல்லாம் ஓர் அறையில் கூட்டிவைத்து, இப்போதெல்லாம் மக்கள் விளம்பரத்தை நம்புவதில்லை, மற்ற விருந்தினர்கள் இணையத்தில் எழுதும் ரிவியூவைத்தான் நம்புகிறார்கள் என்று விளக்கினார். அதனால் நாமும் எழுதவேண்டும். நம்மைப் பற்றி நல்லதாக, அவர்களைப் பற்றி வேறு மாதிரியாக. எப்படி எழுதுவது என்றும் சொல்லிக்கொடுத்தார். எல்லாமே மோசம் என்று எழுதக்கூடாதாம். சாப்பாடு நன்றாக இருந்தது என்று ஆரம்பித்து, அறைக்கு வந்ததும் கத்தியை இறக்கவேண்டுமாம்.

நான் கையைத் தூக்கி, அங்கே என் அக்கா வேலை செய்கிறாள், என்னால் முடியாது என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, அப்படியானால் உனக்கு உள்விஷயம் தெரியுமே என்றார். எந்த மாடி பழசு, எந்தக் குளியலறையில் ஒழுகுகிறது என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். மற்றவர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். யாரும் எழுதமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வாரம் அக்கா வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். மல்யுத்த நேரம். தொலைக்காட்சியைப் போடவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். சாப்பிடும்போதுதான் சொன்னாள்.

அன்று காலை அவர்கள் ஹோட்டலில் எல்லாத் துப்புரவுப் பெண்களையும் நிற்கவைத்து, அவளுடைய மேலதிகாரி கைப்பேசியை உயர்த்திக் காட்டியிருக்கிறாள். யாரோ ஒரு விருந்தினர் எழுதியிருக்கிறாராம், ஐந்தாம் மாடிக் கடைசி அறையில் மெத்தை முழுக்க மூட்டைப்பூச்சி, மனைவியின் உடம்பெல்லாம் தடிப்பு என்று. வெள்ளை விரிப்பில் பூச்சிகள் ஊர்கிற படமும் இருந்ததாம். இது யாருடைய அறை என்று கேட்டிருக்கிறாள்.

“நான் கை தூக்கினேன். என் ரூம்புதானே. மறைக்க என்னா இருக்கு? ஆனா அந்தப் பூச்சி என் ரூம்புல இல்ல. அந்த பெட்ஷீட்டும் எங்களுது இல்ல. எங்களுதுல ஓரத்துல நீலக்கோடு இருக்கும் லா.”

“அத சொன்னியா?”

“சொன்னேன். எதுத்துப் பேசுறேன்னாங்க.”

அவ்வளவு பேருக்கு முன்னால் அவளை அழுக்குப் பிடித்தவள் என்று சொல்லியிருக்கிறார்கள். இவர்கள் இனத்தார் வீட்டிலும் இப்படித்தான் இருப்பார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த வார்த்தையை அக்கா எனக்குச் சொல்லும்போது குரலே ஏறவில்லை. குழம்பில் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். என் கோபக்கார அக்கா. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அடுத்த நாள் எங்கள் ஊழியர் உணவகத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது. விற்பனைப் பிரிவில் உதவியாளராக இருந்த ஒருவர், நம்மவர்தான், முப்பது வயதிருக்கும், போன வாரம் மனைவியோடு பக்கத்து ஹோட்டலில் ஓர் இரவு தங்கியதைப் பற்றிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். செலவு கம்பெனியுடையது. டிராகன் சறுக்கு அருமையாம், காலைச் சாப்பாடு அருமையாம். கடைசியில் அறை எண்ணோடு எழுதிப் போட்டாராம். எண் போட்டால்தான் மக்கள் நம்புவார்களாம். படம் எங்கிருந்து என்று யாரோ கேட்டார்கள். இணையத்தில் எடுத்தது என்றார்.

நான் தட்டை வைத்துவிட்டு அவர் மேசைக்குப் போனேன். அந்த அறையைச் சுத்தம் செய்தது என் அக்கா, இப்போதே அதை அழியுங்கள் என்றேன். அவர் முகம் வெளுத்தது. பிறகு சொன்னார்:

“அக்கா, பாஸ் செய்ய சொன்னாரு, செஞ்சேன். உங்க அக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“வேற யாரோட அக்காவா இருந்தா பரவாயில்லையா?”

பாஸ் சொன்னால் அழிக்கிறேன் என்றார்.

நான் பாஸிடமும் போனேன். நல்ல சட்டைக்காரர் என்னை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகக் கேட்டார். உன் அக்காவுக்கு நடந்ததற்கு வருந்துகிறேன் என்றார். ஆனால் அவர்களும் நம்மைப் பற்றி எழுதுகிறார்கள், நம் குளத்தில் மூத்திர நாற்றம் என்று போன மாதம் எழுதியவர்கள் யார் என்று நினைக்கிறாய் என்று கேட்டார். அழிக்க முடியாதாம், விடுமுறை முடியட்டுமாம். பிறகு எதையோ பெருந்தன்மையாகக் கொடுப்பவர்போல, அங்கே பிரச்சினை என்றால் உன் அக்காவை இங்கே வரச்சொல், நமக்கும் துப்புரவுக்கு ஆள் தேவைப்படுகிறது என்றார்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வந்த கோபத்தை இன்றுவரை என்னால் இறக்கிவைக்க முடியவில்லை. அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதுதான் காரணம். ஒருத்தியை அழுக்குக்காரி என்று உலகத்துக்கே அறிவித்துவிட்டு, அவளையே தன் அறைகளைச் சுத்தம் செய்யக் கூப்பிடுவதில் அவருக்கு ஒரு முரணும் தெரியவில்லை. அவருக்கு அக்கா ஒரு மனுஷியாகவே தெரியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தால் அடிக்கலாம், இந்தப் பக்கம் வந்தால் பயன்படுத்தலாம்.

இதற்கிடையில் அக்காவிடம் ஓர் எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். தவறை ஒப்புக்கொள்கிறேன் என்று அதில் இருந்தது. செய்யாததை எப்படி ஒப்புக்கொள்வது என்று மறுத்துவிட்டாள். மறுத்ததும் அறைகளிலிருந்து எடுத்து வெளியே போட்டார்கள். சறுக்குக் கோபுரத்தின் படிகளில் பாசி தேய்க்கிற வேலை. நடு வெயிலில், முழங்காலில் உட்கார்ந்து. பனைகளுக்கு மேலே தெரிகிற அந்தப் படிகளில், மஞ்சள் தொப்பி போட்ட ஓர் உருவம் குனிந்து குனிந்து மேலே ஏறுவதை ரிசப்ஷனின் பக்கவாட்டுக் கண்ணாடி வழியாக நான் பார்த்தேன். என் முன்னால் ஒரு குடும்பம் சாவிக்காகக் காத்திருந்தது. அவர்களிடம் புன்னகையோடு, உங்கள் தங்கல் இனிமையாக அமையட்டும் என்றேன்.

என் விடுமுறை நாளில் சேலை கட்டிக்கொண்டு பக்கத்து ஹோட்டலுக்குப் போனேன். சீருடை இல்லாவிட்டால் நான் யாரோடும் பேசலாம் அல்லவா. அவர்களுடைய மனிதவள அதிகாரி தமிழர், என் வயதுதான் இருக்கும். எல்லாவற்றையும் சொன்னேன். யார் தங்கினார், யார் அனுப்பினார், படம் எங்கிருந்து வந்தது, எல்லாம். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணில் ஒரு வெளிச்சம். நியாயம் பிறக்கப்போகிறது என்று நினைத்தேன்.

இதை எழுத்தில் கொடுப்பீர்களா, எங்கள் வழக்கறிஞருக்கு வேண்டும் என்று கேட்டார். கொடுக்கிறேன், அக்காவை மறுபடி அறைகளுக்கு அனுப்புங்கள் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

“அது வேற கேஸ்மா. உங்க அக்காவ பூச்சிக்காக நாங்க மாத்தல. சைன் பண்ண மாட்டேன்னு சொன்னதுக்காக மாத்தினோம். அது டிசிப்ளின்.”

“பூச்சியே இல்லன்னா சைன் எதுக்கு?”

“அது அப்பத்தி நெலமை. இப்ப நீங்க சொல்றது இப்பத்தி நெலமை.”

இதைச் சொல்லிவிட்டு அவர் என்னை லிஃப்ட் வரைக்கும் வந்து வழியனுப்பினார். எழுத்தில் கொடுக்க நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றார்.

நான் எழுத்தில் கொடுத்தேன், ஆனால் அவருக்கு இல்லை. வீட்டுக்கு வந்து, அந்த ரிவியூவுக்குக் கீழேயே, என் சொந்தப் பெயரில், மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன். நான் பக்கத்து ஹோட்டலில் வேலை செய்கிறேன். இது பொய். இதை எழுதியது எங்கள் ஆட்கள். அந்த அறையைச் சுத்தம் செய்தவர் என் அக்கா, அவரைவிடச் சுத்தமாக வேலை செய்கிற ஒருவரை எனக்குத் தெரியாது. அந்தப் பொய்யை நம்பி அவரைத் தண்டித்த ஹோட்டலும் வெட்கப்படவேண்டும். அக்காவிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு, கடைசி வரியை எடுத்துவிடு, எனக்கு அங்கே வேலை இருக்கிறது என்றாள். எடுக்கவில்லை. போட்டுவிட்டேன். அவள் அன்று என்னோடு பேசவில்லை.

எங்கள் ஹோட்டல் மறுநாள் மதியத்துக்குள் என்னை வீட்டுக்கு அனுப்பியது. விசாரணைக்கு வரச்சொன்னார்கள், போனேன். கம்பெனி ரகசியத்தை வெளியிட்டாய் என்றார்கள். பொய் சொல்வதுதான் உங்கள் ரகசியமா என்று கேட்டேன். என் குரல் அறைக்கு வெளியே கேட்டிருக்கவேண்டும், காவலாளி கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார். வேலையிலிருந்து நீக்கினார்கள். அக்காவை அவளுடைய ஹோட்டல்காரர்கள் நீக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை என்றார்கள். ஒரே வீட்டில் இரண்டு பேரும் பகலெல்லாம் உட்கார்ந்திருந்தோம். அவள் வெங்காயம் உரிப்பாள், நான் அந்த மனிதர்களோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருப்பேன்.

நான் எழுதியதைப் பலர் பகிர்ந்துவிட்டார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஒரு நாள் பக்கத்து ஹோட்டலிலிருந்து இரண்டு பேர் பழக்கூடையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் அந்த மனிதவள அதிகாரி. இன்னொரு பெண் கேமராவோடு வந்திருந்தாள். அக்காவை மீண்டும் வேலைக்கு எடுக்கிறார்களாம். பொது மேலாளர் லாபியில் பூங்கொத்துக் கொடுப்பாராம், அதை வீடியோ எடுத்துப் போடுவார்களாம். எங்கள் ஊழியர்களை நாங்கள் கைவிடமாட்டோம் என்று தலைப்பு.

அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு பழக்கூடையைக் கொஞ்சம் தள்ளிவைத்தாள்.

“பூவெல்லாம் வேணாம் லா. அன்னிக்கு காலைல என்னை நிக்க வச்சி பேசினீங்க. அதே இடத்துல, அதே ஆளுங்களுக்கு முன்னால, அந்தம்மா வந்து தப்பா சொல்லிட்டேன்னு சொல்லட்டும். கேமரா வேணாம். நான் வேலைக்கு வரேன்.”

அதிகாரி தொண்டையைச் செருமினார். அந்த மேலதிகாரியின் மரியாதையையும் பார்க்கவேண்டும், அப்படிச் செய்தால் மற்றவர்கள் அவரை மதிக்கமாட்டார்கள், வீடியோவிலேயே பொதுவாக ஒரு வருத்தம் தெரிவித்துவிடலாம் என்றார்.

“என் மரியாதைய யாரு பாத்தா?” என்று அக்கா கேட்டாள். இதையும் சத்தமில்லாமல்தான் கேட்டாள். கூடையை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்து, லிஃப்ட் கெட்டுப்போயிருக்கிறது, படியில் பார்த்து இறங்குங்கள் என்று அனுப்பிவைத்தாள்.

அவள் இப்போது பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறாள். விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்து கடற்பாலத்தைத் தாண்டிக் கூட்டிப்போகிறது. வேலை முழுக்க நின்றுகொண்டே. முழங்கால் வலி போகவில்லை. நான் டவுனில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்கிறேன். வலியோடு வருகிறவர்களிடம் சிரிக்கவேண்டியதில்லை, அது ஒரு நிம்மதி.

போன விடுமுறைக்கு முன்னால் தஞ்சோங் தோக்கோங் சாலையில் பஸ்ஸிலிருந்து ஒரு பெரிய விளம்பரப் பலகையைப் பார்த்தேன். டிராகனும் ஆக்டோபஸும் கைகோத்து நிற்கின்றன. ஒரே டிக்கெட், இரண்டு பூங்கா. வேலியில் ஒரு வாசல் வெட்டிவிட்டார்களாம். ஒருவரை ஒருவர் அடித்ததில் இரண்டு பேருக்கும் நட்டமாம், இனி சேர்ந்து பிழைப்பார்களாம். பஸ்ஸில் எல்லோரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் திரும்பித் திரும்பி அதைப் பார்த்தேன். பேசக்கூடாது என்று எங்களை முன்னும் பின்னுமாக நடக்கவைத்தவர்கள், பொய்யை எழுதியவர்கள், அந்தப் பொய்க்காக ஒருத்தியை வெயிலில் ஏற்றியவர்கள், எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டுவிட்டார்கள். அந்தக் கைகுலுக்கலில் எங்கள் பெயர் எங்கேயும் வரவில்லை.

அதே வாரத்தில் தாசேக் கெலுகோரிலிருந்து சித்தப்பா மகள் பிள்ளைகளோடு வந்தாள். பிள்ளைகளுக்கு டிராகன் பார்க்கவேண்டும். நான் முடியாது என்றேன். காரணத்தையும் சொன்னேன். பிள்ளைகள் முகம் தொங்கிப்போனது. அக்கா உள்ளே போய் முழுக்கைச் சட்டையும் கால்சட்டையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, “வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்” என்றாள்.

அத்தனை வருடம் வேலை பார்த்தும் அவள் அந்தச் சறுக்கில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. ஊழியர்களுக்கு அனுமதியில்லை. நான் வாசல்வரைக்கும் போய், உள்ளே கால் வைக்கமாட்டேன் என்று எதிரே இருந்த மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்கார அண்ணன் குடிக்க என்ன தண்ணி, டீயா காப்பியா என்று இரண்டு தடவை கேட்டார். எதையோ சொன்னேன். அந்த டிராகன் தலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அக்கா எப்போது ஏறினாள், எப்போது இறங்கினாள் என்று தெரியவில்லை.

வெயில் சாய்ந்தபிறகு வந்தார்கள். அக்காவின் கொண்டை அவிழ்ந்து முதுகெல்லாம் ஈரம். பிள்ளைகள் இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டு வந்தன. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் டம்ளரில் மிச்சமிருந்ததைக் குடித்தாள்.

“நல்லா இருக்கு லா,” என்றாள். “பொய் சொல்லக்கூடாதில்ல. நல்லாத்தான் கட்டியிருக்கானுங்க.”

எனக்கு அவள்மீதே கோபம் வந்தது. எப்படி உன்னால் முடிந்தது என்று கேட்டேன். அவள் கூந்தலைப் பிழிந்துகொண்டே, படியெல்லாம் பாசி பிடித்துக் கிடக்கிறது, யாரும் ஒழுங்காகத் தேய்ப்பதில்லை போல என்றாள். பிறகு பிள்ளைகளுக்கு ரொட்டி சானாய் சொன்னாள். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்வரை நான் வாய் திறக்கவில்லை. அவளும் பிள்ளைகளும் பேசிக்கொண்டே வந்தார்கள்.